ஏற்றத்தில் பிசகும் கணக்கு

வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் பாதை. இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டிய வளைவுகளில் என் கார் நொக் பண்ணத் தொடங்கியது. எக்ஸலேட்டரை அழுத்தினால் டப்பாவில் ஆணி குலுக்கும் சத்தம். காலை எடுத்தால் சத்தம் இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்புதான் பதுளையில் எயார்ஃப்ளோ சென்சரை மாற்றியிருந்தேன். ஒரிஜினல் விலையில் ஆறில் ஒரு பங்குக்குக் கிடைத்த டூப்ளிகேட். போட்ட அன்று ஹாலிஎல வரை ஓட்டிப் பார்த்தோம். செக் எஞ்சின் லைட் அணைந்திருந்தது, ஐட்லிங் ஆடவில்லை. "நல்ல வேலை பாஸ்" என்று சொல்லிக் காசையும் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

ஊவாவில் இந்த மாற்று வேலை இன்று அன்றாடம் நடக்கிறது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது; தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரிக்குப் பிறகுதான். இருந்த வண்டியையே ஐந்து வருடங்கள் பிடித்து ஓட்டினோம். நடுவில் 2022 வந்தது. 200 ரூபாய்க்கு இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டது, உதிரிப்பாக விலையும் கூடவே ஏறியது. கியூஆர் அட்டை தொடங்கிய நாட்களில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் பெற்றோல். எண்ணெய் குடிக்கும் வண்டியை யாராலும் வைத்திருக்க முடியவில்லை. அந்த நெருக்கடியில் பலருக்குக் கைகொடுத்தவை டூப்ளிகேட் சாமான்களே. அவற்றைக் குறை சொல்லுமுன் இதை மனதில் வைக்கவேண்டும்.

மடுல்சீமைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஹயர் ஓடும் வான்காரத் தம்பியிடம் ஒருமுறை ஒரிஜினலே போடச் சொன்னேன். "அண்ணே, ஒரிஜினலுக்குக் காசு சேரும் வரைக்கும் வான நிப்பாட்டி வச்சா, அந்தக் காசு எப்பிடிண்ணே சேரும்?" என்று கேட்டார். அவருக்கு ஹயர் காசு தருபவர்கள் கொழுந்து பறிப்பவர்கள். அவர்களுடைய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானதே 2024 செப்டம்பரில்தான். ராத்திரியில் பிரசவ வலி எடுத்தவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இறக்குவது அந்த வான்தான். அது ஓடியே ஆகவேண்டும். மாற்று சென்சருக்கு ஆதரவாக இதைவிடப் பலமான வாதம் எனக்குத் தெரியாது.

இனி அந்தச் சாமானைக் கையில் எடுத்துப் பார்ப்போம். விரல் நீளக் கறுப்பு பிளாஸ்டிக், இரண்டு ஸ்க்ரூ, ஒரு சொக்கெட். எயார் ஃபில்டருக்கு அடுத்த குழாயில் செருகியிருக்கும். உள்ளே சிறு துவாரத்தில் தலைமயிர்போல ஒரு பிளாட்டினக் கம்பி, அல்லது அதைப் பொதிந்த கண்ணாடி மணி. வரும் காற்றைவிடக் குறிப்பிட்ட அளவு சூடாகவே அந்தக் கம்பி இருக்கவேண்டும். காற்று அதிகம் போனால் கம்பி அதிகம் ஆறும். சூட்டைக் காப்பாற்ற அதிக மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தை வைத்து, ஒரு செக்கனுக்கு எத்தனை கிராம் காற்று போகிறது என்று எஞ்சின் கம்பியூட்டர் கணக்கிட்டு அதற்கேற்பப் பெற்றோல் விடுகிறது.

இந்தக் கம்பி அளப்பது காற்றின் எடையை. மலைநாட்டுக்கு இது பெரிய வரம். பழைய எல்-ஜெட்ரோனிக் வகை எஞ்சின்களில் காற்று தள்ளும் ஒரு கதவும் ஸ்பிரிங்கும் இருந்தன. பண்டாரவளை ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரம். அங்கே காற்று கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் லேசு. கதவு வகைக்கு அந்த வித்தியாசத்தில் பாதிதான் புலப்படும், மீதிக்கு வீணாகப் பெற்றோல் போகும். சூட்டுக்கம்பிக்கு அந்தச் சிக்கல் கிடையாது. வெல்லவாயவில் சரியாக அளப்பது ஹப்புத்தளையிலும் சரியாகவே அளக்கும், கம்பியும் அதன் சுற்றும் முறையாகச் செய்யப்பட்டிருந்தால்.

டூப்ளிகேட் வழுக்குவது இங்கேதான். இத்தனை வோல்ட் என்றால் இத்தனை கிராம் என்ற அட்டவணை கம்பியூட்டருக்குள் எழுதியிருக்கிறது. அது நேர்கோடு அல்ல, வளைகோடு. ஐட்லிங்கில் 1.5 லீற்றர் எஞ்சின் இழுப்பது செக்கனுக்கு இரண்டு மூன்று கிராம் காற்று. அந்த ஒரு புள்ளியில் ஒரிஜினலோடு ஒத்துப்போவது கஷ்டமில்லை. 40 கிராமுக்கு மேல் இழுக்கும்போதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. எனக்கு வாய்த்தது ஒத்துப்போகவில்லை. போனில் ஸ்கேன் வைத்து அதே வளைவில், இரண்டாம் கியரில், 4,000 சுற்றில் பார்த்தேன்: 38 கிராம். பிறகு பழைய ஒரிஜினலைப் போட்டு அதே இடத்தில் பார்த்தபோது 45.

இந்த 7 கிராம் பிசகை நகரத்து ஓட்டம் மறைத்துவிடும். லேசாக மிதிக்கும்போது சைலன்சர் பக்கத்து ஒக்சிஜன் சென்சர் கலவையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பெற்றோல் குறைந்தால் கம்பியூட்டர் கூட்டிவிடும். முழுதாக மிதித்தால் கம்பியூட்டர் அந்தச் சாட்சியைக் கேட்பதை விட்டு, எயார்ஃப்ளோ சென்சரின் சொல்லை மட்டும் நம்பும். அப்போது எஞ்சின் கேட்பது ஒரு பங்கு பெற்றோலுக்குச் சுமார் 12.5 பங்கு காற்று. 15 சதவீதம் குறைத்துச் சொல்லும் சென்சரோடு அது 14.7ஆகிவிடும். சமவெளியில் மெதுவாகப் போகும்போது அதுதான் சரியான கலவை. பாரத்தோடு ஏறும்போது சூடும் நொக்கும் அதனாலேயே வரும். ஓடி ஓடிக் கற்ற திருத்தத்தை முழு மிதியிலும் சேர்க்கும் கம்பியூட்டர்கள் உண்டுதான். ஆனால் அது லேசான ஓட்டத்தில் கற்ற திருத்தம். இந்தப் பிசகோ காற்று கூடக்கூட வளர்வது.

கொழும்பில் முழுதாக மிதிக்கும் சந்தர்ப்பம் அரிது. பசறையிலிருந்து லுணுகலைக்கோ, பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்கோ ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிப் போகிறவர் நாளுக்குப் பலமுறை மிதிக்கிறார். ஆகவே ஒரே டூப்ளிகேட் அங்கே "பிரச்சினை இல்லை" என்ற பெயரையும் இங்கே சூடேறிய எஞ்சினையும் தருகிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

சாமானைவிட எனக்கு அதிகம் வலிப்பது அதைப் போடும் முறை. கலவையில் பெற்றோல் குறைவு என்று ஸ்கேன் காட்டினால் உடனே சென்சர்மேல் பழி விழுகிறது. நமது தோட்டத்துப் பாதைகளை நினைத்துப் பாருங்கள். குழிக்குக் குழி எஞ்சின் மவுண்ட் ரப்பர் தளர்கிறது, எஞ்சின் ஆடுகிறது. சென்சருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள மடிப்பு ஹோஸ் கீழ்ப்பக்கமாக வெடிக்கிறது. அந்த வெடிப்பால் புகும் காற்றை எந்தச் சென்சரும் அளக்காது. என் காரில் நடந்ததும் அதுவே. டூப்ளிகேட்டைக் கழற்றிய அன்று வேறொரு கராஜில் ஒரு வயதான பாஸ் ஹோஸைக் கையால் விரித்துக் காட்டினார். மடிப்புக்குள் என் சுண்டுவிரல் நுழையும் வெடிப்பு. அதை மாற்றி, அழுக்குப் படிந்த ஒரிஜினலை அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் கழுவிப் போட்டதும் கம்பியூட்டரின் திருத்தம் 18 சதவீதத்திலிருந்து 3க்கு இறங்கியது. மாற்றவே தேவையில்லாத சாமானை மாற்றியிருக்கிறேன். காசும் திரும்ப வராது. மின்சாமான் திரும்ப எடுக்கப்படமாட்டாது என்று கடையில் எழுதியே மாட்டியிருந்தது. கார்புரேட்டர் கிளீனரால் கழுவி நல்ல சென்சரையே கெடுத்த கதைகளும் இங்கே உண்டு.

ஒரிஜினல், டூப்ளிகேட் என்ற இரண்டே வகை இருப்பதுபோலப் பேசுவதும் நமக்கு நட்டம். டென்சோ, ஹிட்டாச்சி, பொஷ் போன்றவர்கள் கார்க் கம்பனிகளுக்குச் செய்து கொடுக்கும் சென்சரைத் தங்கள் பெட்டியிலும் விற்கிறார்கள். கார்ப் பெயர் இல்லாததால் விலை குறைவு. பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் ஜப்பான் செகண்ட் ஹேண்ட் இன்னொரு வழி. அதற்கும் நம் சென்சரின் வயதே இருக்கலாம், ஆனாலும் வளைகோடு சரியாக இருக்கும். பெயரில்லாப் பெட்டிச் சாமானை இவை இரண்டுக்கும் பிறகே நான் வைப்பேன். வேறு வழியில்லாதவர் அதை வாங்கினால் குற்றமில்லை. ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்காமல் கையில் கொடுக்கும் கராஜ்தான் தவறு செய்கிறது. பதுளையைச் சுற்றி ஏற்றத்துக்கா பஞ்சம்?

போன மாதம் அந்த வான்காரத் தம்பியின் வானில் ஸ்கேனை மாட்டிக்கொண்டு, பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஆறு பேரோடு ஏறினோம். அவர் போட்டிருப்பதும் பெயரில்லாப் பெட்டிதான். ஏற்றம் முழுக்க அவர் ரோட்டைவிட என் போனையே அடிக்கடி பார்த்தார். லேசான மிதியில் திருத்தம் 4 சதவீதம். முழு மிதியில் ஒக்சிஜன் சென்சர் 0.9 வோல்ட்டை விட்டு இறங்கவேயில்லை, பெற்றோல் தாராளமாகப் போகிறது என்று அர்த்தம். நொக் சத்தமும் இல்லை.

"மாத்தணுமாண்ணே?" என்றார்.

"வேணாம் தம்பி. ஹோஸ மட்டும் மாசத்துக்கு ஒருக்கா விரிச்சுப் பாருங்க" என்றேன்.