தகப்பன் எழுதிய பாடநூல்

சிறுவருக்கு விசைக்கருவி பயிற்றுவிப்போர் முன்மாதிரியாகக் காட்டும் நூல்களுள் ஒன்று, யோகான் செபஸ்தியான் பாக் தம் மூத்த மகன் வில்கெல்ம் ஃபிரீடமானுக்கென எழுதிய ‘கிளாவியர்ச் சிறுநூல்’. அது ஜெர்மனியின் கோத்தன் நகரில் 1720 ஜனவரி 22ஆம் நாள் தொடங்கப்பெற்றது. மகனுக்கு அப்போது வயது ஒன்பது. எளியதிலிருந்து அரியதற்கு ஏறும் படிமுறைக்கு இது சான்றெனப் புகழப்படுகிறது. நூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவோர்க்கு இப்புகழுரை பொருந்துவதாகத் தோன்றாது.

முதலில் சுரங்களின் பெயர்கள். அதையடுத்தே, சுரங்களை அழகுபடுத்தும் பதின்மூன்று அணிகளின் அட்டவணை. இதைத் தொடக்கநிலை மாணவன் முன் வைக்க ஆசிரியர் பலர் துணியார். அதன்பின் ‘அப்ளிகாட்சியோ’ என்னும் விரற்பயிற்சி. ‘இயேசுவின் நாமத்தில்’ என்று பொருள்படும் மூன்று எழுத்துகள் அதன் தலைப்பில் உள்ளன. வலக்கையின் மூன்றாம், நான்காம் விரல்கள் மாறிமாறி ஏறும் பழைய முறையே அதில் குறிக்கப்பட்டுள்ளது. கட்டைவிரலுக்குரிய இடத்தைத் தம் தந்தையே விரிவாக்கினார் என்று மற்றொரு மகன் எமானுவேல் 1753இல் எழுதினார். புதுமை கண்டவர் தம் பிள்ளைக்கு முதலில் மரபையே கையளித்திருக்கிறார்.

மூன்றாம் உருப்படியோ ஒரு ஞானப்பாட்டு. ஆண்டவரின் நடத்துதலுக்குத் தன்னை ஒப்புவிக்கும் நொய்மார்க்கின் பாடல் அது. சபையார் பாடும் எளிய வடிவில் அது தரப்படவில்லை; அட்டவணையில் கண்ட அணிகள் மெட்டின்மேல் செறிந்து அமைந்துள்ளன. அணி எதற்கு என்பதை அட்டவணை சொல்லாது. செவிக்குப் பழகிய பாட்டு விரல்களின்கீழ்ப் புத்துருப் பெறும்போதே பிள்ளைக்கு அது விளங்கும். நூலின் உயிர்நிலை இவ்விடத்தில்தான் உள்ளது என்பேன்.

1802இல் பாக்கின் வரலாற்றை வெளியிட்ட ஃபோர்க்கெல், மாணவர் பல மாதங்கள் விரற்பயிற்சி மட்டுமே செய்யவேண்டியிருந்தது என்கிறார். அவர்கள் பொறுமையிழந்தபோது அப்பயிற்சிகளையே உள்ளடக்கிய சிறு உருப்படிகளைப் பாக் எழுதிக்கொடுத்தாராம். ஃபோர்க்கெல் இதில் ஆசிரியரின் கனிவைக் காண்கிறார். எனக்கோ இது முறையின் திருத்தமாகவே படுகிறது. பிள்ளைகளின் சலிப்பு ஏதோ சொல்லிற்று, ஆசிரியர் செவிகொடுத்தார்.

ஆயினும் ஒரு குறையை மறைத்தலாகாது. போகப்போக இந்நூல் தகப்பனின் பட்டறையாகிவிடுகிறது. இதிலுள்ள பதினொரு முன்னிசைகள், அனைத்துச் சுருதிகளிலும் அமைந்த 1722ஆம் ஆண்டின் பெருந்தொகுதிக்குச் செல்கின்றன. இருகுரல், முக்குரல் உருப்படிகள் 1723இல் செம்மையாக்கப்பட்டுத் தனித்தொகுதியாகின்றன. இங்கே பயில்பவன் மாணவனா, அன்றிப் பெரியவரின் படைப்புக்கு அவன் ஒரு வாய்ப்பா? கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சிறுவரைக் கருவியுடன் மேடையேற்றும் குருமாருக்கும் இக்கேள்வி உரியதே. பாக்கைப் பொறுத்தவரை, நூலில் மகனின் கையெழுத்தும் தகப்பனின் கையெழுத்தும் கலந்தே வருகின்றன என்பதை எடைபோட வேண்டும். அவ்வாண்டு ஜூலையில், தகப்பன் கார்ல்ஸ்பாட்டில் இருக்கையில், தாய் மரியா பார்பரா மரித்து அடக்கம்பண்ணப்பட்டார். அதன்பின்னும் நூல் வளர்ந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் குற்றச்சாட்டின் வன்மை குறைகிறது, முற்றும் நீங்குவதில்லை.

ஃபிரீடமானின் பிற்கால வாழ்வைக்கொண்டு இப்பயிற்சியின்மேல் தீர்ப்பிடுவோர் உளர். அவர் 1746 முதல் ஆலே நகரில் (நம் தரங்கம்பாடி மிஷனைத் தாங்கிய ஊர்தான்) ஆலய ஆர்கன் இசைஞராயிருந்தார். 1764இல் வேறு பணி தேடிக்கொள்ளாமலே விலகி, 1784இல் பெர்லினில் வறுமையில் இறந்தார். தம் பங்காய் வந்த தந்தையின் கையெழுத்துப் படிகளில் பலவற்றையும் விற்றுவிட்டார். ஆனால் ஆர்கன் வாசிப்பில் அவர் காலத்தவர் அவரை உச்சத்திலேயே வைத்தனர். ஒன்பது வயதில் பெற்ற பாடத்தை ஐம்பது வயதின் சரிவுக்குப் பொறுப்பாக்குவது நீதியன்று.

நூல் இன்று யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளது. ‘இயேசுவே என் மகிழ்ச்சி’ என்னும் ஞானப்பாட்டின் அமைப்பு அதில் சில அடிகளோடு நின்றுவிடுகிறது. எஞ்சியதை எழுதும் பொறுப்பு மகனுக்கு விடப்பட்டதோ என எண்ணத் தோன்றுகிறது. அவ்வாறெனின், அவன் அதை அப்பக்கத்தில் எழுதவில்லை.