மறைந்த நகர் என்னும் வழக்கு

கம்போஜ தேசத்துக் குலேன் மலைக்காட்டின்கீழ் மகேந்திரபர்வதம் என்னும் பழைய கெமர் நகரின் வீதிகள் பரந்து கிடத்தல், 2012-ஆம் ஆண்டில் ஹெலிகாப்டரினின்று லேசர் கதிர்களைப் பாய்ச்சி நிலத்தை அளந்தமையான் விளங்கிற்று. அதனை 'மறைந்த நகர்' என்றும், அதுபோல்வதே நம் கங்கைகொண்ட சோழபுரம் என்றும் எழுதுவாருமுளர். இவ்வொப்புமை ஈண்டு ஆராயற்பாலது.

மகேந்திரபர்வதம் நூலறிவிற்கு மறைந்ததன்று. சகம் 974-இல் எழுந்த ஸ்டோக் காக் தோம் சாசனம், இரண்டாம் சயவர்மன் அம்மலையில் உறைந்தமையையும், இரணியதாமன் என்னும் அந்தணன் அவன்பொருட்டுச் செய்த கிரியையையும் கூறும். அக்கிரியைக்கு உரியவாக அச்சாசனம் ஓதும் வீணாசிகம், நயோத்தரம், சம்மோகம், சிரச்சேதம் என்னும் நான்கும் இருபத்தெட்டுச் சிவாகமங்களுள் வாரா. ஆகலின் அதனைச் சித்தாந்த சைவத்தின் வெற்றியெனக் கொண்டாடுதல் விரைவுடைமையாம். அது நிற்க. காட்டினுட் பட்டது நகரின் பெயரன்று, வடிவே. வீதியும் கரையும் மரநிழலில் மண்மேடாய்க் கிடந்தமையானே இன்று அளத்தற்கு எஞ்சின.

சோழபுரமோ அற்றன்று. முதலாம் இராசேந்திரன் அமைத்த அந்நகர் ஏறக்குறைய 250 ஆண்டு தலைநகராய் விளங்கிற்று. கம்போஜ மன்னன் அவனுக்குத் தேர் விடுத்தமையைக் கரந்தைச் செப்பேடு கூறும். அதனைக் காடு விழுங்கிற்றில்லை. நீடாமங்கலத்தினின்று கும்பகோணம் வழியே அங்குச் செல்வோர் கொள்ளிடத்தை அணைக்கரையிற் கடப்பர். 1836-இல் கும்பினியார் அக்கீழணையைக் கட்டியபொழுது, கோயில் திருமதிலின் கருங்கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோயினர். தடுக்க முயன்ற ஊரார் தண்டிக்கப்பட்டனர். கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல்மதில் எடுப்பித்தும் என்று கொடுத்த சொல்லும் நிறைவேறிற்றில்லை. கோயிற்குத் தென்மேற்கே மாளிகைமேட்டில் அரண்மனைச் செங்கற்களை அயலூரார் தம் வீடுகட்கென்று தோண்டி எடுத்தனர். இதன்கண் ஊராரும் பழியினின்று நீங்கார். 1980 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் அகழ்ந்துழிச் சுவரின் அடிப்பகுதிகளே பெரும்பாலும் வெளிப்பட்டன. ஒன்பதாந் திருமுறையிற் கருவூர்த்தேவர் பதிகம் பெற்ற கோயில் நின்றது. மன்னன் மனை மேடாயிற்று.

'மறைந்தது' என்பது தன்வினை. பிறன் கைப்பட்டு அழிந்தமையை அச்சொல் காட்டாது. குலேன் மலைக்கு அஃது ஒருவாறு அமையும். சோழபுரத்திற்குப் 'பெயர்க்கப்பட்டது' என்றலே அமையும். பெயர்த்தார் இன்னார் என்பதும் உடன் எழுதற்பாலது.