நாற்பது கம்பிகளின் இழுப்பு

மாட்டுவண்டிச் சக்கரத்தில் பாரம் ஆரக்காலின் மேல் இறங்குகிறது. ஆகவே ஆரக்கால் தடித்த மரமாக இருந்தாக வேண்டும். சைக்கிளின் போக்ஸ் கம்பியோ இரண்டு மில்லிமீட்டர் பருமன். அமுக்கினால் வளைந்துவிடும். எல்லாப் பக்கமும் முன்கூட்டியே இழுத்து முறுக்கி வைத்திருப்பதால்தான் ஆள் ஏறியும் அது தாங்குகிறது. ஏறிய பாரம், தரையை ஒட்டிய சில கம்பிகளின் இழுப்பைக் குறைக்கிறது, அவ்வளவே. 1808-இல் ஜார்ஜ் கெய்லி பறக்கும் இயந்திரத்துக்காக யோசித்த ஏற்பாடு இது. கம்பிகளைச் சாய்த்துக் கோர்க்கும் முறைக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை பெற்றார். மிதிக்கிற வலு ஹப்பிலிருந்து ரிம்முக்குப் போவது அந்தச் சாய்வால்தான்.

காயல்பட்டினத்தில் சக்கரம் கோர்க்கும் வேலைக்குத் தனிச் சோதனை உண்டு. கிழக்கே கடல், பக்கத்தில் ஆறுமுகநேரி உப்பளங்கள். உப்புக் காற்று, கம்பியை ரிம்மில் பூட்டும் நிப்பிளின் மரைக்குள் புகுந்து துருவேற்றிவிட்டால் பிறகு சாவி திரும்பாது. முரட்டுத்தனமாகத் திருப்பினால் கம்பி அறுந்துபோகும். அதனால் இங்கே சக்கரம் கோர்க்கிறவர் மரையில் எண்ணெய் தொடாமல் நிப்பிளை ஏற்றினால், அவர் கையை நான் நம்பமாட்டேன்.

பழைய ரோட்ஸ்டர் வண்டியில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. மீன்பெட்டியும் அரிசி மூட்டையும் கேரியரில்தானே ஏறுகின்றன! பின்சக்கர ஹப்பின் ஒரு பக்கத்தில் ஒரு துளை விட்டு ஒரு துளையாகப் பத்துக் கம்பி. அவை ரிம்மில் நாலாவது துளைதோறும் போய் அமரும். மறுபக்கம் இன்னொரு பத்து. பிறகு ஹப்பைப் பிடித்து ஒரு திருகு. தொளதொளவென்று கிடந்த கம்பிகள் சட்டென்று சாய்ந்து வரிசைக்கு வரும். நான் விரும்பிப் பார்க்கும் கணம் அது. மீதி இருபதும் எதிர்ச்சாய்வில், பாய் முடைவதுபோல் மேலும் கீழுமாய்க் குறுக்கே போகும். நல்ல கைக்காரர் கோர்த்த சக்கரத்தில், வால்வுக்கு இருபுறமும் உள்ள கம்பிகள் விலகி நின்று பம்புக்கு இடம் விடும். புதுச் சக்கரத்தில் நான் முதலில் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான்.

கோட்டம் எடுப்பதுதான் நிஜமான வித்தை. ரிம் இடப்பக்கம் சாய்ந்தால் அந்த இடத்தில் வலக்கம்பியை இறுக்கி, இடக்கம்பியைத் தளர்த்த வேண்டும். அதுவும் கால் திருப்பு, அரைத் திருப்புக்கு மேல் போகாமல். பக்கவாட்டு ஆட்டம் போனால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது போதாது. கம்பி பிரேக் வண்டியில் கட்டை ரிம்மின் உள்முகத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. மேடு பள்ளம் இருந்தால் சுற்றுக்கு ஒருமுறை பிரேக் கவ்வும். முடுக்குகளுக்குள் மெதுவாக ஓட்டிப் போகும்போது அந்த வெட்டல் கைக்குத் தெரியும்.

அடுத்து, காது. ஒரு பக்கத்துக் கம்பிகளை வரிசையாகச் சுண்டினால் ஏறக்குறைய ஒரே ஒலி எழ வேண்டும். மந்தமாக ஒலிப்பது தொய்ந்த கம்பி. அதன் பங்கையும் பக்கத்துக் கம்பிகள் இழுத்துக்கொண்டிருக்கும். கடைசியாக இரண்டிரண்டு கம்பிகளைச் சேர்த்து உள்ளங்கையால் அழுத்துவார்கள். முறுக்கேறி நிற்கும் கம்பிகள் ‘டிக் டிக்’கென்று அவிழும். உடனே கோட்டம் கொஞ்சம் திரும்ப வரும். மறுபடி எடுக்க வேண்டும். அழுத்தாமல் கொடுத்த சக்கரம் கடையில் நேராகச் சுழன்று, சாலையில் இறங்கியதும் ஆடத் தொடங்கும்.

இப்போது கோர்த்த சக்கரமே விலைக்குக் கிடைக்கிறது. ஆனாலும், சென்னையில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் காலத்துப் பழைய ஹப் யாரிடமாவது இருந்தால், தூக்கிப் போட வேண்டாம். அதன் பேரிங் கப்பும் கோனும் தேயாமல் இருந்தால், புது ரிம்மும் நாற்பது கம்பியும் வாங்கிக் கொடுத்துக் கோர்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.