'கியர்பாக்ஸ் போச்சு' என்னும் தீர்ப்பு

அந்தத் தீர்ப்பு வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார். திரையில் 'பி0700' என்று வந்தது. "கியர்பாக்ஸ் போச்சு சார். இறக்கி ஓவர்ஹால் பண்ணணும், இல்லேன்னா புதுப்பேட்டையில செகண்ட்ஸ் பார்க்கலாம்" என்றார். என்னுடையது பதினான்கு வயதான ஆட்டோமேட்டிக் கார், மூன்று கை மாறி வந்தது. மூன்றாவது கியரிலேயே நின்றுகொண்டு, சிக்னலில் இருந்து கிளம்பவே திணறியது. வயதானவர் படுத்துவிட்டார் என்றால் யாருக்கும் சந்தேகம் வராதல்லவா? எனக்கும் வரவில்லை.

பி0700 என்ற குறியீட்டுக்கு என்ன பொருள் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 'கியர்பாக்ஸின் கணினியில் ஏதோ ஒரு புகார் பதிவாகியிருக்கிறது, அதைப் போய்க் கேள்' என்பது மட்டுமே அது. புகார் கொடுத்ததற்கான ரசீது மாதிரி. என்ன குற்றம், யார் செய்தது என்பதெல்லாம் ரசீதில் இருக்காது. மலிவான ஸ்கேனர்கள் பல என்ஜின் கணினியோடு மட்டுமே பேசக்கூடியவை. கியர்பாக்ஸின் கணினி வரைக்கும் அவற்றால் போக முடியாது. எனவே ரசீதைப் படித்துவிட்டே தண்டனை அறிவித்துவிடுகிறார்கள்.

இதற்காக ஸ்கேனரைத் திட்டுவது நியாயமில்லை. அதன் பலம் பெரியது. நல்ல ஸ்கேனரை மாட்டிக்கொண்டு வண்டியை ஓட்டினால், கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் வேகம், வெளியே வரும் தண்டின் வேகம், ஆயிலின் சூடு எல்லாம் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு வேகங்களையும் வகுத்துப் பார்த்தால் எந்த கியரில் நழுவுகிறது, எதில் சரியாகப் பிடிக்கிறது என்பது எண்ணாகவே தெரிந்துவிடும். முப்பது வருட அனுபவமுள்ள காதுக்கும் இது எட்டாது. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் மெக்கானிக்குகள் குறைவு. முதல் திரையோடு நின்றுவிடுவதுதான் இங்கே நடக்கும் பிழை.

அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரையிலான டொயோட்டா ராவ்4 கார்கள் இதற்கு நல்ல சாட்சி. கியர் மாறும்போது 'தொம்' என்று உதைக்கும். ஸ்கேனர், கியர்பாக்ஸுக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் சொலினாய்டு வால்வுகளைக் காட்டும். பலர் கியர்பாக்ஸையே மாற்றிப் பார்த்தார்கள், புதியதும் அதேபோல உதைத்தது. குற்றவாளி, சொலினாய்டுகளுக்கு ஆணை அனுப்பும் என்ஜின் கணினி. டொயோட்டாவே பிற்பாடு அந்தக் கணினிக்கான வாரன்டியை நீட்டித்தது. இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. உதைத்துக்கொண்டே பல மாதம் ஓட்டினால் நல்ல கியர்பாக்ஸும் உண்மையிலேயே கெட்டுவிடும். அப்போது திறந்து பார்ப்பவர், "நான் அப்பவே சொன்னேனே" என்பார்.

இதற்கு நேர் எதிரான கதை ஹோண்டாவுடையது. 2004-ல் அமெரிக்காவில் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஐந்து வேக ஆட்டோமேட்டிக்கில் இரண்டாவது கியருக்கு ஆயில் போதிய அளவு போகாமல், சூட்டில் பல் உடைந்து கியர்பாக்ஸ் இறுகிவிடக்கூடும் என்பது புகார். சுமார் 24,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டிகளில் எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? அந்தப் பல்சக்கரம் சூட்டில் நிறம் மாறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். எஃகு கருகுவதை அறிய எந்த சென்சாரும் அங்கே வைக்கப்படவில்லை.

அப்படியானால் பழைய கைவழக்கமே மேலா? ஆயிலைத் தொட்டு, மோந்து, நிறம் பார்த்துச் சொல்லும் முறையில் எனக்கு மரியாதை உண்டு, முழு நம்பிக்கை இல்லை. ஆயில் உண்மையிலேயே நிறையச் சொல்லும். கருகிய வாசம் என்றால் கிளட்ச் பிளேட்டுகள் தீய்ந்திருக்கின்றன. ரோஸ்மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது. அடித்தட்டைக் கழற்றினால் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வயதுக்கு இயல்பு. ஊசி ஊசியாக இரும்புச் சீவல் இருந்தால் கதை வேறு.

ஆனால் ஆயில் அளவைப் பார்ப்பதிலேயே தப்பு நடக்கிறது. டொயோட்டாக்களில் வண்டி சூடேறியபின், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். ஹோண்டாவில் என்ஜினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். அணைத்ததும், என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் இருக்கும் ஆயில் கீழே இறங்கி மட்டம் ஏறிவிடும். ஆக டொயோட்டாவை ஹோண்டா மாதிரி பார்த்தால், குறைவாக இருக்கும் ஆயில் நிறைவாகத் தெரியும். ஒரு லிட்டர் குறைந்ததால் நழுவும் வண்டிக்கு 'ஓவர்ஹால்' என்று எழுதப்படுவது இப்படித்தான். பின்னால் வந்த பல மாடல்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. அங்கே பெரும்பாலும் மட்டத்தை யாரும் பார்ப்பதே இல்லை.

"பழைய ஆயிலை மாத்தாதீங்க, மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்" என்ற எச்சரிக்கையையும் இங்கேயே எடைபோட்டுவிடலாம். முழுக்கக் கட்டுக்கதை என்று சொல்ல மாட்டேன். அழுத்தம் கொடுத்துக் கழுவும்போது உள்ளே படிந்த அழுக்கு கிளம்பி வால்வுகளின் சந்தில் போய் அடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஆயில் மாற்றச் சொல்லி வரும் வண்டிகளில் எத்தனையோ ஏற்கெனவே நழுவத் தொடங்கியவை. கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, குளுக்கோஸ் ஏற்றியதால்தான் போனார் என்று சொல்வதுபோல ஆகிவிடுகிறது. கீழே வடித்து, அளந்து, அதே அளவு சரியான வகை ஆயிலை ஊற்றுவதை நான் அந்த எச்சரிக்கைக்குள் சேர்க்க மாட்டேன்.

கை தேர்ந்தவர்களின் சில சோதனைகள் ஸ்கேனரையும் மூக்கையும்விட எனக்குப் பிடிக்கும். அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில், வேகத்தடைக் கோடுகள்மேல் ஓடுவதுபோல வண்டி சில நொடி நடுங்குகிறதா? ஆக்ஸிலரேட்டரை எடுக்காமல் இடதுகாலால் பிரேக்கை லேசாக, விளக்கு எரியும் அளவுக்கு மட்டும், தொட வேண்டும். பின்னால் வண்டி வராத சாலையில், பழகியவர் செய்ய வேண்டியது இது. பிரேக் சுவிட்ச் மிதிபட்டதும் கணினி கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்சை விடுவித்துவிடும். நடுக்கம் அந்த நொடியே நின்றால் காரணம் அந்த கிளட்ச் பக்கம். நிற்காமல் தொடர்ந்தால் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். பழுது கியர்பாக்ஸில் இல்லாமல் என்ஜினில் இருக்கலாம். காலணா செலவில்லை.

நியூட்ரலில் இருந்து கியர் போட்டதும் எவ்வளவு நேரத்தில் பிடிக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். டொயோட்டாவின் பழைய சர்வீஸ் கையேடுகளில் முன்னோக்கிய கியருக்கு 1.2 வினாடி, ரிவர்ஸுக்கு 1.5 வினாடி என்று வரம்பு போட்டிருப்பார்கள். அந்தக் கையேடுகளிலேயே இருக்கும் ஸ்டால் டெஸ்ட்டை மட்டும் நான் ஏற்கவில்லை. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, ஐந்து வினாடிக்கு மிகாமல் சுழற்சியைக் குறிப்பது அது. தகவல் கிடைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் என்ஜினின் சக்தியெல்லாம் ஆயிலில் சூடாக இறங்கும். கிளட்ச் தேய்ந்த பழைய வண்டிக்கு அந்தச் சோதனையே கடைசி அடியாகலாம்.

செகண்ட்ஸில் கார் வாங்குபவருக்கு இன்னொரு சிக்கல். விற்பவர் முந்தின நாள் குறியீடுகளை அழித்துவிட்டால் ஸ்கேனர் சுத்தமாகவே காட்டும். அழித்ததன் தடயம் இருக்கும். சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அதே ஸ்கேனர் இன்னொரு பக்கத்தில் சொல்லும். பாட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இதே நிலை வரலாம் என்பதால் அதை வைத்து யாரையும் கள்ளன் என்று சொல்லிவிட முடியாது. சந்தேகப்படலாம். இரண்டு நாள் கழித்து மறுபடி வருகிறேன் என்று சொல்லலாம்.

இவ்வளவு வழி இருந்தும் ஏன் இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு வருகிறது? மெக்கானிக்கின் அறியாமை என்று மட்டும் முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. பாகம் மாற்றினால் காசு கொடுக்கிறோம். அரை நாள் யோசித்ததற்கு "பார்த்ததுக்கே காசா?" என்கிறோம். அப்படியிருக்க யார் உட்கார்ந்து யோசிப்பார்கள்?

என் வண்டியை இரண்டாவதாகப் பார்த்தவர் ஒரு காலைப் பொழுது முழுக்க அதன் அடியில் படுத்திருந்தார். வெளித்தண்டின் வேகத்தைச் சொல்லும் சென்சாருக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது. வேகம் தெரியாத கணினி, பாதுகாப்புக்காக மூன்றாவது கியரிலேயே நின்றுவிட்டது. வயரை ஒட்டி, டேப் சுற்றி, கணினியில் இருந்த புகாரை அழித்து ஓட்டிக்காட்டினார். எண்ணூறு ரூபாய் கேட்டார். ஒரு வயரை ஒட்டுவதற்கு எண்ணூறா என்று பேரம் பேசி, அறுநூறு கொடுத்துவிட்டு வந்தேன்.