ஏற்கச் செய்யும் எழுத்து: பள்ளிப் பயிற்சி பற்றிய ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

பிறரை ஒரு கருத்தை ஏற்கச் செய்யும் எழுத்து, பள்ளித் தமிழில் பெரும்பாலும் இரு வடிவங்களில் பயிற்றப்படுகிறது. ஒன்று பொதுப்பொருள் பற்றிய கட்டுரை, மற்றொன்று விண்ணப்பம். இவை கருத்தை நிறுவும் திறனை வளர்க்கின்றனவா என்பதை மொழிக்கூறுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. கருநாடகத்தின் கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டி அமைந்த தமிழர் குடியிருப்பு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

2. நாமும் நாங்களும்

கேட்போரை உளப்படுத்துவது 'நாம்', விலக்குவது 'நாங்கள்'. மாணவர் கட்டுரைகளில் பயிலும் 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' போன்ற தொடர்களில் எழுவாய் வெளிப்படாவிடினும் அது 'நாம்' என்றே கொள்ளப்படும். அதாவது, படிப்பவர் முன்னரே உடன்பட்டுவிட்டார் என்பது இத்தொடரின் அடிப்படை. உடன்பட்டவரிடம் காரணம் கூறத் தேவையில்லை. எனவே, இரு தொடர்களுக்கும் இடையேயுள்ள காரணகாரிய உறவு சொல்லப்படாமலே நின்றுவிடுகிறது.

விண்ணப்பத்தில் நிலைமை மாறுகிறது. எழுதுவோர் 'நாங்கள்', பெறுநர் 'தாங்கள்'. இங்குத்தான் காரணம் மிகுதியும் தேவை. ஆனால், பயிற்சி 'கருணை கூர்ந்து', 'தாழ்மையுடன்' என்னும் மரபுத்தொடர்களுக்கே முதன்மை தருகிறது. கட்டுரை உடன்பாட்டை முன்கூட்டியே கொள்கிறது. விண்ணப்பம் இரக்கத்தை வேண்டுகிறது. இரண்டுக்கும் இடையே வாதத்திற்கு இடமில்லாமற் போகிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் பகுப்பு ஒழுங்கைக் கற்பிக்கிறது என்பது உண்மையே. எனினும் ஒழுங்கு மட்டும் காரணமாகிவிடாது.

3. நந்திதுர்க் காட்டும் தேவை

தங்கவயல் தமிழர்க்கு வாதம் புதிதன்று. விரல்ரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் பின்னாளில் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. மாற்றுக் கருத்தை எதிர்கொண்டு மறுத்தெழுதுவது அதன் இயல்பு.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பலர் நாள்தோறும் இரயிலில் பெங்களூர் சென்று உழைத்துத் திரும்புகின்றனர். குடியிருப்பு, குடிநீர், இரயில் என எதுபற்றி எழுதினாலும் பெறுநர் தமிழறியாதவராக இருக்கலாம்; விண்ணப்பம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ செல்ல நேரும். இக்காலக் கன்னடத்தின் 'நாவு' என்பதில் நாம், நாங்கள் என்னும் வேறுபாடில்லை, ஆங்கிலத்திலும் இல்லை. எதுகையும் பணிவுத்தொடரும் மொழிமாற்றத்தில் உதிர்ந்துவிடும். மொழி கடந்தும் நிற்பது காரணமும் சான்றுமே.

4. எழுமதம்

இதற்கான கருவி தமிழ் மரபிலேயே உண்டு. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் நூலாசிரியர்க்குரியனவாக எழுமதம் கூறுகிறார். அவற்றுள் உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை மேற்கொண்டு பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுத்தல் ஆகிய நான்கும் வகுப்பறைக்குப் பொருந்துவன. ஆனால், பள்ளியில் இவை பொருள் கூறும் வினாவாகவே பெரிதும் நின்றுவிடுகின்றன. எழுதும் முறையாக மாறுவதில்லை.

காலை இரயிலில் கூடுதல் பெட்டி வேண்டி நந்திதுர்க் மாணவர் ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். செலவு மிகும் என்னும் அதிகாரியின் தடையை முதலில் அவர் எழுத வேண்டும். இது பிறர் மதத்தை மேற்கொள்ளல். 'செலவு மிகும் என்பது உண்மையே' என்பது உடன்படல். 'ஆயினும், நின்றுகொண்டே செல்வோரை எண்ணினால் ஒரு பெட்டி நிரம்பும்' என்பது களைதல். ஒரு வாரம் எண்ணிப் பெற்ற தொகையைத் தருவது தன் கருத்தை நிறுத்தல். எண்ணிப் பார்த்தபின் பெட்டி நிரம்பாது எனத் தெரிந்தால், கோரிக்கையை மாற்றவும் மாணவர் கற்றுக்கொள்வார்.

மொழியியலாளர் ஜே. ஆர். மார்ட்டின் 1985இல் வெளியிட்ட நூலில், கதையெழுத்துக்குத் தரும் இடத்தைப் பள்ளிகள் பொருள் விளக்க எழுத்துக்கும் வாத எழுத்துக்கும் தருவதில்லை என்று குறைகூறினார். தமிழ் வகுப்பில் குறை வேறு. வாதத்தின் பெயரால் முழக்கம் பயிற்றப்படுவதே அது.

5. முடிவுரை

ஒவ்வொரு பயிற்சிக்கும் உடன்படாத ஒரு பெறுநரைக் குறிப்பிடுதல், அவர் கூறக்கூடிய தடையை எழுதச் செய்தல், 'ஆதலால்', 'ஆயினும்' என்னும் இணைப்புகளின் பொருத்தத்திற்கு மதிப்பெண் வழங்குதல் ஆகிய மூன்றும் உடனடியாகச் செய்யத்தக்கவை. 'நாங்கள்' எனத் தொடங்கிய எழுத்து, காரணத்தால் படிப்பவரையும் உளப்படுத்தி 'நாம்' என முடியுமாயின், அதுவே ஏற்கச் செய்தலாகும். அந்த 'நாம்' தொடக்கத்திலேயே இலவசமாக வழங்கப்படும்வரை, மாணவர் வாதத்தைக் கற்க வழியில்லை எனலாம்.