இரைச்சலின் நடுப்பகுதி

தொனியைத் தனிமனிதச் சொத்தாகப் பேசும் கதையாடல் மெட்டல் இசைக்குள்ளும் உண்டு. ‘எல்லாம் அவன் கையில இருக்குய்யா’ என்பார்கள். சரி, கையைப் பற்றியே பேசுவோம். பர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்த டோனி அயோமிக்கு 1965இல், வேலையை விடவிருந்த கடைசி நாளில், எந்திரத்தில் சிக்கி வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்து மேலே தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகள் போட்டார். 1971இல் பிளாக் சப்பாத் வெளியிட்ட ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யின் பல பாடல்களில் சுருதியையும் மூன்று அரைச்சுரம் இறக்கித் தந்தியைத் தளர்த்தினார். சாத்தானுடையது என்று பெயர்வாங்கிய அந்தக் கனத்தில் தகட்டு எந்திரத்துக்கும் பங்குண்டு. மேதைமை பேசுகிறவர்களோ இதை ஒரு சோகக் கிளைக்கதையாக்கிக் கடந்துவிடுகிறார்கள்.

நான் வாசிப்பவனில்லை. நண்பர் வாசிப்பார், ஆம்ப்ளிஃபயரின் திருகுகளைத் திருப்புவது என் வேலை. லீட் வாசிப்புக்காக முதலில் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நாங்களும் செய்தோம். கெய்ன் முழுக்க. பாஸ், ட்ரெபிள் தூக்கலாக. மிட் கிட்டத்தட்டப் பூஜ்யம். அறைக்குள் கேட்க மலை இடிந்து விழற மாதிரி இருந்தது. டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேர்ந்ததும் ஆளையே காணோம். கீழ்ப்பகுதியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள், மேலே சிம்பல். லீட் கிட்டார் நிற்கவேண்டிய நடுப்பகுதியை நாங்களே காலிசெய்து வைத்திருந்தோம்.

டிஸ்டார்ஷன் என்பது ஒலியலையின் முகட்டை வெட்டுவது. வெட்டுப்பட்ட அலையில் முன்பு இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. மெல்லொலிக்கும் பேரொலிக்குமான இடைவெளி சுருங்கிச் சுரம் நீள்கிறது. ஆனால் பாஸ் அதிகமாக உள்ளே போனால் எல்லாம் கூழ். ஆகவேதான் ட்யூப் ஸ்க்ரீமர் போன்ற பெடலை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் வைத்து, ட்ரைவைக் குறைத்து லெவலை ஏற்றுகிறார்கள். பாஸ் கழிகிறது, மிட் எழும்புகிறது. லேனி ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் அயோமி ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டரை வைத்ததும் இந்த வழியில்தான். கட்டற்றதாகக் கேட்கிற ஒலி, பிறப்பதற்கு முன்பே இவ்வளவு கழிக்கப்பட்டிருக்கிறது. இரைச்சலைக் கலகம் என்று எழுதிவிட்டு நகர்வது நம்மைப்போன்ற கோட்பாட்டுக்காரர்களுக்கு வசதி. நானும் எழுதியிருக்கிறேன், திருகைத் தொடாமலே.

கெய்னைப் பாதிக்குக் கொண்டுவந்தோம். மிட் ஏழு, கொஞ்சம் டிலே. தனியாக வாசித்துப் பார்த்த நண்பருக்கு முகம் கோணியது. ‘மூக்கால பாடற மாதிரி இருக்குப்பா’ என்றார். டிரம்ஸ் ஆரம்பித்தது. அப்புறம் அவர் திருகுப்பக்கமே போகவில்லை.