மூச்சு வாங்கும் போலி இரை

ஹவாயின் கோனா கடலில் சூரை பிடிக்கப் போகிறவர்கள் இரையை இறக்கியதும் உட்கார்ந்துவிடுவதில்லை. நின்று பார்க்கிறார்கள். ரெசினில் வார்த்த தலை, அதன் பின்னே ரப்பர்க் குஞ்சம், அவ்வளவுதான் பொருள். ஏழெட்டு நாட் வேகத்தில் படகு இழுக்க, அது மேலே வந்து காற்றைக் கவ்வும், உள்ளே பாயும், வெள்ளைக் குமிழிகளைப் புகைபோல விட்டுச்செல்லும். சில விநாடியில் மறுபடி மேலே. அந்த ஓட்டம் அமைந்துவிட்டால் கண்ணை எடுக்க முடியாது!

அமைவதற்கு இடம் முக்கியம். படகு எழுப்பும் அலையின் முன்சரிவில், புரொப்பல்லர் நுரைக்கு வெளியே, தெளிந்த நீரில் இரை ஓட வேண்டும். எகிறிக் குதித்தால் வேகத்தைக் குறைக்கலாம், அல்லது தங்கூஸை நீர்மட்டத்துக்கு நெருக்கமாக இறக்கிக் கட்டலாம். பம்பரமாய்ச் சுழன்றால் தூக்கிப் பார்த்துவிடுவதே நல்லது: குஞ்சம் கொக்கியில் மாட்டியிருக்கும், இல்லையென்றால் பாசி. சரிந்த முகமுள்ள தலை ஆட்டம் காட்டும்; கூர்த்தலை நேராக ஓடும். சூரைக்கு என் ஓட்டு கூர்த்தலைக்கே, கடல் குலைந்திருந்தாலும் தடம் மாறாது என்பதால்.

இரை வாங்கும்போது நிறத்தில் மயங்காதீர்கள். முதலில் படகோரம் இழுத்து, அது ஓடுகிற விதத்தைப் பாருங்கள்.